அக்கா தட்டிய சதவீதக் குறி

சி என்னும் புரோகிராம் மொழியை நான் உண்மையில் கற்றுக்கொண்டது பாலிடெக்னிக்கில் அல்ல, பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் மூன்றாவது உற்பத்தி லைனில். அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டியவர் ஒரு வரி புரோகிராம்கூட எழுதியவர் இல்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தீவிலிருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டிப் போவேன். சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் மெஷினின் புரோகிராம் என் பொறுப்பு. ஒரு பெட்டிப் பலகை சோதித்து முடிந்ததும் ஆபரேட்டர் ஒரு சின்னக் குறிப்பைத் தட்டுவார். புரோகிராம் அதைத் திரையில் காட்டும். அந்த வசதியை நான்தான் புதிதாகச் சேர்த்திருந்தேன்.

அதைச் சேர்த்த இரண்டாவது வாரம் மூன்றாவது லைன் மெஷின் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது. மற்ற லைன்களில் ஒன்றுமில்லை. நிற்பதெல்லாம் ஓர் அக்காவின் ஷிப்டில் மட்டும். கெப்பாலா பத்தாஸிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர், லைன் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் கண்டதையும் தட்டுகிறார் என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவேன் என்றார். பேக்கிங் என்றால் நாள் முழுக்கப் பெட்டி தூக்க வேண்டும். அக்காவுக்கு முதுகு வலி இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

காரணம், தப்பு என்னுடையதாக இருக்குமோ என்ற பயம். குறிப்பாகப் பாயின்டர். ஒரு மதிப்பு மெமரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியை வைத்திருப்பதுதான் பாயின்டர். மெஷின் எடுக்கும் அளவுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் இடம். அடுத்த அளவுக்குப் போக நான் ஆரம்பத்தில் p + 4 என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்த சக ஊழியர் ஒருவர் p + 1 என்று மாற்றிவிட்டுப் போனார். ஏன் என்று கேட்க வெட்கப்பட்டு அப்படியே விட்டிருந்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் உட்கார்ந்து, முகவரிகளை வரிசையாகத் திரையில் போட்டுப் பார்த்தேன். கடைசி இலக்கங்கள் 10, 14, 18 என்று வந்தன. ஒன்றுதான் கூட்டியிருக்கிறேன், நான்கு நகர்ந்திருக்கிறது. அப்போதுதான் விளங்கியது. ஒன்று கூட்டு என்றால் ஒரு பைட் நகர் என்று அர்த்தமில்லை. அடுத்த பொருளுக்குப் போ என்று அர்த்தம். அதன் அகலம் எவ்வளவு என்பது புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலருக்கே தெரியும். நான் போட்ட நான்கு, நான்கு பொருள் தள்ளிப் போய் நின்றிருக்கும். பல வருடப் பயம் ஒரு காலையில் போனது. ஆனால் பாயின்டரில் தப்பே இல்லை. அப்படியானால் மெஷின் ஏன் நின்றது?

மதியம் கேண்டீனில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெஷின் நின்ற நேரத்தில் என்ன தட்டினார் என்று ஞாபகம் இருக்கிறதா எனக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து நீட்டினார். தட்டிய ஒவ்வொரு குறிப்பும் தேதியோடு, எழுத்து மாறாமல் அதில் இருந்தது. மெஷின் நின்ற இடத்தில் சிவப்புக் கோடு.

"யாராச்சும் கேட்டா காட்டலாம்னு எழுதி வச்சேன்மா. இது வரைக்கும் யாரும் கேக்கல லா."

சிவப்புக் கோடு போட்ட குறிப்புகளை மட்டும் படித்தேன். "rosak 5% sahaja." ஐந்து சதவீதம்தான் கெட்டது என்று மலாயில் எழுதியிருந்தார். அடுத்தது "2% sahaja". அதற்கடுத்ததும் அப்படித்தான். குறி போடாமல் "5 peratus" என்று சதவீதத்தை எழுத்தில் எழுதிய நாட்களில் மெஷின் ஓடியிருக்கிறது.

சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அந்தக் குறிப்பை, திரையில் எழுத்தைக் காட்டும் printf கையில் அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தது நான். printf தன்னிடம் முதலில் வரும் வாக்கியத்தைக் கட்டளையாகப் படிக்கும். அதில் % வந்தால் அடுத்து என்ன எழுத்து என்று பார்க்கும். s வந்தால், தரப்பட்ட முகவரிக்குப் போய் அங்கிருக்கும் எழுத்துகளை எடுத்து வரும். % குறிக்கும் sahaja-வின் s-க்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தாலும் எங்கள் மெஷினில் அது s-ஐ விடவில்லை. நான் எந்த முகவரியும் தரவில்லை. கையில் சிக்கியதை முகவரி என்று நம்பிப் போய் விழுந்திருக்கிறது. printf("%s", குறிப்பு) என்று எழுதியிருந்தால் அக்கா எதைத் தட்டினாலும் அது வெறும் எழுத்தாகவே இருந்திருக்கும்.

திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேடியதில் இன்னும் ஆறு இடங்களில் அதே தப்பு. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு சூப்பர்வைசரிடம் போய், அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை, தப்பு என் புரோகிராமில் என்றேன். அவர் ரிப்போர்ட்டில் இதையே எழுது என்றார். பிறகு அவரே லைனுக்கு நடந்து போய் அக்காவிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அக்கா மூன்றாவது லைனிலேயே இருந்தார்.

அன்று ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் இடத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலிலேயே பேசியிருக்க வேண்டும் என்றேன்.

"வந்து கேட்டியே, அது போதும். நாளைக்காவது சோத்த முழுசா சாப்பிடு."

இப்போதெல்லாம் புரோகிராம் எங்காவது நின்றால், திரைக்கு முன் உட்காருவதற்கு முன்னால் லைனுக்குப் போகிறேன். அங்கே நிற்பவரிடம், என்ன செய்தீர்கள் என்றல்ல, என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறேன்.