அண்ணனுக்கு அனுப்பிய நிலம்

நானும் அண்ணனும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. பாகம் பிரித்தபோது வாய்க்காலின் மேல்பக்கத்து வயல் எனக்கும் கீழ்ப்பக்கத்து வயல் அவருக்கும் விழுந்தன. ஒரு குறுவையில் என் குத்தகைக்காரர் வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டு, என் வயலை நிரப்பிக்கொண்டார். திறந்துவிட மறந்துவிட்டார். அண்ணனின் நடவு காய்ந்தது. தஞ்சாவூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லும்போதுதான் என் முகம் திருடன் மாதிரி ஆகிவிடும் என்பது என் மனைவியின் நெடுநாள் கருத்து.

போன வருஷம் அக்கா போன் செய்தாள். அண்ணன் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு அருவி இல்லாத எங்கள் குத்தாலத்தில், வீட்டோடு படுத்திருக்கிறாராம்.

"பொழுதன்னிக்கும் கம்ப்யூட்டர்ல புலி வளக்கறான்டா. யானைக்குக் குளம் வெட்டறான். ஒன் அண்ணி சோத்த வச்சிட்டுக் கத்திக்கிட்டு இருக்கா."

அதே மிருகக்காட்சிசாலை விளையாட்டைத்தான் நானும் இரண்டு வருஷமாக, ஐம்பத்திரண்டு வயதுக்குரிய வெட்கத்தோடு, ஆடிக்கொண்டிருந்தேன். மிருகங்களை எனக்கு மேய்க்கத் தெரியாது. என் காண்டாமிருகம் இரண்டு முறை வேலி தாண்டி ஐஸ்கிரீம் கடை வரைக்கும் வந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது நிலம் செய்வது. மேடு, பள்ளம், ஆறு என்று வெறும் நிலத்தை உருவாக்கிப் பொதுப்பக்கத்தில் போட்டால், யார் வேண்டுமானாலும் எடுத்து அதில் தங்கள் மிருகங்களைக் குடியேற்றலாம்.

போனில் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. நிலத்தை அனுப்பலாம் என்று தோன்றியது. பாகம் பிரிப்பதற்கு முன்பிருந்த எங்கள் வயல், வரப்பு இல்லாமல். பார்த்தால் ஒரு வார்த்தையாவது பேசுவார்.

மற்றவர்கள் பனிமலையும் அருவியும் செய்து போடுகிற இடம் அது. எங்கள் ஊரில் உயரமான பொருள் ரோட்டில் இருக்கும் வேகத்தடைதான். புதிதாக ஒரு நிலத்தைத் திறந்தாலே விளையாட்டு தட்டையாகத்தான் தரும். சர்வே ஆபீஸில் வாங்கிய வயலின் புலப்படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பாடுபட்டு, ஏறக்குறைய அதையே நானும் செய்து முடித்தேன். வேறுபாடு வாய்க்கால் ஒன்றுதான்.

அதில்தான் சிக்கல் வந்தது. அந்த விளையாட்டில் தண்ணீர் ஓடாது. சுற்றிலும் கரை உள்ள பள்ளத்தில்தான் நிற்கும். ஒரு முனை திறந்திருந்தால் ஒரு சொட்டு ஏறாது. அதனால் ஓரிடத்தில் சின்னதாக மண் எழுப்பி அடைத்தேன். வாய்க்கால் நிரம்பி மினுமினுத்தது. இணைப்பை அக்காவுக்கு அனுப்பி, அண்ணனுக்குத் தள்ளிவிடச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"பாத்தான்டா. அந்த மவுச வச்சி வாய்க்கா கரையோடயே போனான். ஒரு எடத்துல நின்னுட்டான்."

"என்ன சொன்னாருக்கா?"

"'வெளையாட்டுலயும் அடைச்சித்தான் அனுப்பியிருக்கான், பாரு'ன்னான். நீ அடைச்சியா?"

"அடைச்சாத்தான் தண்ணி நிக்கும்க்கா."

"இதத்தான்டா அன்னிக்கு ஒன் ஆளும் சொன்னான்."

திறந்து பார்த்தேன். என் வயல் முடிந்து அவர் வயல் தொடங்குகிற இடத்தில், கச்சிதமாக, அடைத்திருந்தேன். வரைபடத்தின் கடைசி விளிம்பில் அடைத்திருக்கலாம், தண்ணீர் நின்றிருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. வாய்க்கால் என்பது என் வயலோடு முடிகிற சங்கதி என்று என் கை நினைத்திருந்தது. அத்தனை வருஷமாகக் குத்தகைக்காரரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த கை.

அன்றைக்கே மாற்றினேன். அடைப்பை எடுத்து, வாய்க்காலை அவர் வயல் முழுக்க இழுத்து, விளிம்பில் கரை போட்டேன். அவர் பக்கத்தை என் பக்கத்தைவிட ஆழமாகவே வெட்டினேன். அக்காவைக் கூப்பிட்டு, மறுபடி பார்க்கச் சொல்லும்படி கேட்டேன்.

"அந்த வெளையாட்டையே அழிச்சிட்டான்டா," என்றாள். "இப்ப மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கான். ஒன் அண்ணிக்கு சாப்பாடு வைக்கறதுல இப்ப சண்டையே இல்ல. அதான் அவளுக்கு பயமா இருக்கு."

முட்டி ஆறிக்கொண்டிருந்த மனிதரிடம் இருந்த ஒரே பொழுதுபோக்கையும் நான் பிடுங்கிக்கொண்டேன். புலிகள் என்ன ஆயின என்று அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை.

நிலம் இன்னும் பொதுப்பக்கத்தில் கிடக்கிறது. எந்த நாடோ தெரியாத ஒருவர் அதை எடுத்து, அண்ணன் பாகத்தில் நீர்யானை வளர்க்கிறார். தண்ணீர் வசதி பிரமாதம் என்று கீழே எழுதியிருக்கிறார்.