சுவருக்கு உள்ளே, கோட்டுக்கு வெளியே

இந்த ஊரில் கோடைக்கால மாலைகளில் எல்லா வீடுகளும் ஒரே குரலில் பேசுகின்றன. பஸ்ஸை விட்டிறங்கி என் அறைக்கு நடக்கிற தூரம் முழுவதும், திறந்து கிடக்கும் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரே ரேடியோக்காரர், ஒரே தொண்டை, ஒரே பரபரப்பு. ஒரு வீட்டில் தொடங்கிய வாக்கியத்தை அடுத்த வீட்டில் முடிப்பார். நடந்து போகிறவனுக்கு ஒரு சொல்கூட நஷ்டமில்லை. வந்த முதல் கோடையில் இதைக் கேட்டு நான் பயந்துபோனேன். தெரு முழுக்க ஒரே குரல் கேட்டால் நம் பக்கத்தில் யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்று பொருள், இல்லையென்றால் யுத்தம். ஒரு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்த கிழவரிடம் துக்கமான முகத்தை வரவழைத்துக்கொண்டு, “என்ன நேர்ந்துவிட்டது?” என்று கேட்டேன். அவர் என்னைவிடத் துக்கமாக, “தோற்றுக்கொண்டிருக்கிறோம்” என்றார். எந்த நாட்டிடம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பேஸ்பால் என்ற ஆட்டத்துக்கும் எனக்கும் அறிமுகம் ஏற்பட்டது இப்படித்தான்.

நான் ஓசூர் தாலுகாக்காரன். கிளீவ்லாந்து நகரத்தில் கடைசல் இயந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறேன். வந்தது பயிற்சிக்கு. கற்றுக்கொண்டு திரும்பிப் போய் ஓசூரில் பட்டறை வைப்பது என்பது ஏற்பாடு. கப்பல் ஏறும்போது அந்தப் பட்டறைக்குப் பெயர்கூட வைத்திருந்தேன். இப்போது அந்தப் பெயர் மறந்துவிட்டது. என் மேலதிகாரி வால்டர் நல்ல மனிதர். வெயில் ஏறினால் என்னைப் பார்த்து, “உனக்கு இது சொந்த ஊர் மாதிரி இருக்குமே!” என்பார். இந்தியன் என்றால் அடுப்பிலிருந்து எடுத்து வைத்தவன் என்று இங்கே எல்லோருக்கும் ஓர் எண்ணம். சித்திரை மாதத்திலும் சால்வை தேடுகிற ஊரிலிருந்து வந்தவன் நான் என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். “உங்கள் வெள்ளைக்காரச் சகோதரர்கள் குளிர்ச்சிக்காக வந்து தங்கிய ஊர் ஐயா அது” என்பேன். அவர் சிரித்துக்கொண்டே மின்விசிறியைத் தம் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்த வால்டர்தான் ஒரு வெள்ளிக்கிழமை என் மேஜையருகே வந்து நின்றார். என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கம்பெனி தயாராம். நான் இங்கேயே தங்க அனுமதி கேட்டுச் சர்க்காருக்கும் கம்பெனியே எழுதுமாம். “திங்கட்கிழமை பதில் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை என்னோடு பந்தாட்டத்துக்கு வா” என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் ஒன்றுக்கு மற்றது பரீட்சை என்று என் புத்திக்குப் பட்டது. சனிக்கிழமை முழுவதும் பொதுநூலகத்தில் உட்கார்ந்து பேஸ்பால் விதிகளைப் படித்துக் குறிப்பெடுத்தேன். கல்லூரியில்கூட எந்தப் பாடத்துக்கும் இவ்வளவு மரியாதை காட்டியதில்லை. படித்ததில் ஒன்று மட்டும் உடனே விளங்கியது. மைதானத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் உண்டு. கோட்டுக்கு உள்ளே விழுந்தால் ஆட்டம். வெளியே விழுந்தால் அது ஆட்டமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே புல். இதை ஓசூர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திட்டுவதற்குத் தெலுங்கு, பேரம் பேசக் கன்னடம், மனு எழுதத் தமிழ் என்று நாங்கள் பிழைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் மதராஸா மைசூரா என்று பெரியவர்கள் எங்கேயோ உட்கார்ந்து கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே ராகிதான்.

என் உண்மையான பரீட்சை எங்கள் ஊர் ஜவளகிரியில் இருந்தது. அங்கே காட்டோரத்தில் எங்கள் நிலத்தை ராஜம்மா பார்த்துக்கொள்கிறாள். ராஜம்மா என் மனைவி. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவளுக்கு நிலமும் நானும்தான். அதில் நிலம்தான் ஊரில் இருக்கிறது. இங்கே வந்துவிடு என்று நான் கேட்காமலில்லை. கப்பலுக்குப் புறப்பட்ட அன்றே, பெங்களூர் பஸ் உறுமிக்கொண்டு நிற்கையில் அவள் அதற்குப் பதில் சொல்லிவிட்டாள்: “நான் அங்க வந்து இன்னா பண்றது? ராகி வெளையுமா அங்க? ஆனை வருமா? ஆனை வராத ஊர்ல எனக்கு இன்னா வேலை?” காட்டிலிருந்து யானை இறங்கி வந்து ராகியை மிதித்துவிட்டுப் போவதைத்தான் அவள் வருஷமெல்லாம் திட்டித் தீர்ப்பாள். திட்டுவதற்கு ஆள் இல்லாத இடத்துக்கு வரமாட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. பயிற்சிக் காலம் முடிந்த பிறகும் ‘இன்னும் ஒரு வருஷம்’ என்று நான் எழுதிக்கொண்டே இருந்தேன். போன மாதம் அவளிடமிருந்து பதில் வந்தது. பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். “வர்றதுன்னா வந்துருங்க. வரலைன்னா வரலைன்னு சொல்லிப்புடுங்க. நெலத்தக் குத்தகைக்கு உட்டுட்டு கல்லாவிக்கு, தம்பி ஊட்டுக்குப் போயிடறன். இன்னும் ஒரு வருசம்னு மட்டும் எழுதாதீங்க. கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?” ஆக, திங்கட்கிழமைக்குள் நான் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே முடிவுதான்: ஒருவருக்கு ஆம் என்றால் மற்றவருக்கு இல்லை.

ஸ்டேடியம் ஏரிக்கரையில் இருக்கிறது. நம் கோயில் குளத்தைப் பல மடங்கு பெரிதாக்கி, தண்ணீருக்குப் பதில் புல்லை ஊற்றி, படிகளில் மனிதர்களை அடுக்கினால் எப்படியோ அப்படி. ஏரியிலிருந்து கடற்காக்கைகள் பறந்து வந்து, டிக்கெட் வாங்காமல், புல்லின் நடுவிலேயே உட்கார்ந்துகொள்கின்றன. எங்கள் இருக்கைக்கு முன்னால் ஓர் இரும்புத்தூண். பாதி ஆட்டத்தை அது பார்த்தது, மீதியை நாங்கள் பார்த்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. வால்டர் வழக்கம்போல, “சொந்த ஊர் மாதிரி இல்லை?” என்றார். நான் கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அதை அவர் எங்கள் மதச்சடங்கு என்று எடுத்துக்கொண்டு மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அன்று எதிரணிக்குப் பந்து எறிந்தவர் கியூபா தேசத்துக்காரர், என் நிறம். பின் வரிசைக்காரர் ஒருவர் பீர் கோப்பையோடு குனிந்து, “உன் ஒன்றுவிட்ட தம்பி நன்றாக எறிகிறான்!” என்று என் தோளைத் தட்டினார். இல்லை என்று சொல்லி, இந்தியா எங்கே இருக்கிறது என்று விளக்கி, ஓசூரின் தட்பவெப்பத்தையும் சொல்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். “தூரத்து உறவு” என்றேன். அதிலிருந்து அந்தக் கியூபாக்காரர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் அவர் என்னைத்தான் பொறுப்பாக்கினார்.

ஆனால் என் கண் வால்டரின் மடியில்தான் இருந்தது. ஐம்பதை நெருங்குகிற, பெரிய உத்தியோகத்தில் இருக்கிற மனிதர், பழந்தோல் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, பிரசாதத்துக்கு உள்ளங்கையை நீட்டுகிற மாதிரி அதை விரித்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “பந்து இந்தப் பக்கம் வந்தால் பிடிக்க” என்றார். சின்ன வயதில் தம் அப்பாவோடு இதே வரிசைக்கு வருவாராம். அப்பாவின் கையுறைதான் இது. கடைசிவரை அந்த மனிதருக்கு ஒரு பந்துகூட வரவில்லை. இவருக்கும் இன்னும் வரவில்லை. நான் அனுதாபமாகத் தலையை ஆட்டினேன். பந்து வந்தால் பிடித்து என்ன செய்வார் என்று கேட்கத் தோன்றவில்லை. நூலகத்தில் படித்த விதிப்புத்தகம் ஆடுகிறவர்களைப் பற்றியது. பார்க்கிறவர்களைப் பற்றி அதில் நான் ஒன்றும் படிக்கவில்லை.

பிற்பகல் சாய்கிற நேரத்தில் பந்து வந்தது. மட்டையின் ஓரத்தில் பட்டு, மேலே எழும்பி, எங்கள் பக்கமாக வளைந்தது. வால்டர் எழுந்து கையுறையை உயர்த்தினார். அது அவர் விரல் நுனியை உரசி, இரும்புத்தூணில் மோதி, திரும்பி வந்து என் மடியில், நனைந்த கைக்குட்டையின் மேல், அமைதியாக உட்கார்ந்தது. சுற்றிலும் ஓவென்று ஒரே சத்தம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாஸ்போர்ட்டில் எதுவரை இருக்கலாம் என்று முத்திரை குத்தி வாங்கிவந்தவன், பல்லாயிரம் பேர் பார்க்க அடுத்தவர் சொத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கலாமா? நான் எழுந்து நின்று, முடிந்த அளவு மரியாதையோடு, பந்தைத் திரும்ப மைதானத்துக்குள் எறிந்தேன்.

அப்புறம் எழுந்த ஊளையை நான் என்றும் மறக்கமாட்டேன். பின் வரிசைக்காரர், “தம்பிக்கே அனுப்பிவிட்டான் பார்!” என்று கத்தினார். பந்து யாரிடம் வருகிறதோ அவருக்கே சொந்தம் என்பதும், பிள்ளை குட்டிகளுக்குக் காட்டி அலமாரியில் வைப்பார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வால்டர் கையுறையைக் கழற்றினார். இருக்கைக்கு அடியில் வைத்தார்.

இதே தவறை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் எருது விடும் விழா என்று ஒன்று உண்டு. எருதின் கொம்பில் புதுத் துண்டும் ஜிகினாவுமாக ஜோடித்த மூங்கில் தட்டியைக் கட்டி, இரண்டு பக்கமும் ஜனங்கள் நிற்க, தெருவோடு விரட்டுவார்கள். தட்டியைப் பறிக்கிறவனுக்கே அது சொந்தம். அதற்காகக் கை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான், கையில் புத்தகத்தோடு, பத்திரமான ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தேன். கட்டு தளர்ந்து தட்டி தானாகவே வந்து என் மார்பில் விழுந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு எருதுக்காரரைத் தேடிப் போய், “உங்களுது விழுந்துடுச்சுங்க” என்று நீட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது. “ஏன்டா தம்பி, எங்கெருது கட்டிக்கினு வந்தது உன் கைக்கு ஆகலையா?” என்றார். கூட்டத்தில் யாரோ, “படிச்ச புள்ளைங்க, ரசீது கேக்குதோ என்னமோ!” என்றார்கள். பக்கத்து மதில்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அதில் உரக்கச் சிரித்தவள் எருதுக்காரரின் மகள் ராஜம்மா. பின்னால் அவளையே எனக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனாலும், கோபம் வந்தால் ராஜம்மாவுக்கு அந்தத் தட்டிதான் ஆயுதம்: “கைக்கு வந்தத யாருதுன்னு தேடிக்கினு போற மனுசன் நாட்டுல நீங்க ஒருத்தருதான்!”

மைதானத்தைப் பார்த்தேன். நான் எறிந்த பந்து வெகுதூரம் போகவில்லை. எறிகிற லட்சணம் அப்படி. சுவருக்கு உள்ளே, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, புல்லில் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. கியூபாக்காரருக்குப் புதுப் பந்து ஒன்று கொடுத்தார்கள், ஆட்டம் நடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிப்பந்தி வந்து அதைப் பொறுக்கிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

“ஏன் அந்தப் பந்தைக் கொண்டு ஆடவில்லை?” என்று வால்டரைக் கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

“ஒருமுறை வெளியே போனதைத் திரும்ப ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்.”

“நல்ல பந்துதானே? ஒன்றும் ஆகவில்லையே?”

“ஒன்றும் ஆகவில்லை” என்றார் வால்டர். “ஆனால் வெளியே போய்விட்டது. காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் பயிற்சிக்கு அடிப்பார்கள்.”

அதற்குப் பிறகு ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஓசூர் பஸ் நிலையத்தில், கோட்டும் தொப்பியுமாக இறங்குகிற என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் நன்றாகத்தான் வரவேற்பார்கள். காப்பி கொடுப்பார்கள். அமெரிக்காவில் அரிசி கிடைக்குமா என்று கேட்பார்கள். ராஜம்மா வரப்பில் முன்னால் போவாள்; எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது என்று என்னைக் கேட்கமாட்டாள், கேட்காமலே நடத்திப் பழகிவிட்டாள். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நல்ல பந்துதான்.

என்னை அலமாரியில் வைத்துக்கொள்ளக் கூப்பிடுகிற கம்பெனிக்காரர்களையும் நினைத்துப் பார்த்தேன். அங்கே அழகாக இருக்கலாம். விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள். ஆட்டம் கிடையாது.

திங்கட்கிழமை காலை வால்டரின் அறைக்குப் போனேன். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒரே சொல். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு: “இப்போதைக்கு இன்னும் ஒரு வருஷம் மட்டும்…” வால்டர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைச் சிமிட்டி, “நீ கெட்டிக்காரன். சம்பளத்தை மேலே பேசிப் பார்க்கிறேன்” என்றார். நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். மறுக்கத் தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கைக்கு வந்ததை இந்த முறை நான் வைத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மூன்றாவதாக ஒரு முட்டாள்தனம் இருக்கிறது என்பதை நாற்பத்தைந்து வயதில்தான் கண்டுபிடித்தேன்.

அன்று மாலை தெருவில் நடந்தபோது ஜன்னல்கள் எல்லாம் வழக்கம்போல ஒரே குரலில் பேசின. இப்போது எனக்கு ஆட்டம் புரிகிறது. யார் ஓடுகிறார், யார் அவுட் ஆனார் என்று தெரிகிறது. கிழவர் வாசலில் இருந்தார். “ஜெயிக்கிறோம்!” என்றார். நானும் என்னையறியாமல், “ஆமாம், ஜெயிக்கிறோம்” என்றேன். அறைக்கு வந்து, எழுத வேண்டாம் என்று ராஜம்மா சொன்ன அந்த ஒரே வரியை அவளுக்கே எழுதி உறையை ஒட்டினேன். இன்னும் தபாலில் போடவில்லை. போட்டால் அவள் கல்லாவிக்குப் போய்விடுவாள். போடாவிட்டாலும் போய்விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்ததில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. சிப்பந்தி வருவதற்கு முன்னால் கடற்காக்கை ஒன்று புல்லில் தத்தித் தத்தி அந்தப் பந்தருகே வந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து மற்றக் கண்ணாலும் பார்த்தது. தின்கிற பொருளா, தன் இனத்து முட்டையா என்று அதற்குச் சந்தேகம். அலகால் மெல்லத் தட்டியது. பந்து கோட்டை நோக்கி ஒரு விரல்கடை உருண்டு, கோட்டைத் தொடாமல் நின்றது. காக்கை சிறிது நேரம் காத்திருந்துவிட்டு ஏரிப்பக்கம் பறந்து போயிற்று.