பன்னிரண்டு வோல்ட்

என் சித்தப்பாவுக்குப் பள்ளியில் ‘மீட்டர்’ என்று பட்டப்பெயர். இயற்பியல் ஆய்வக உதவியாளர். மேஜைகளைத் துடைப்பதும் அவர்தான், சோதனைக்குக் கருவிகளை இணைத்து வைப்பதும் அவர்தான். பத்தொன்பது வருஷம்.

வருஷத்தில் ஒரே நாள்தான் அவர் வகுப்பில் வாய் திறப்பார். காயில், கண்டென்சர், ரெசிஸ்டர் மூன்றையும் வரிசையாக இணைத்து, மாறுமின்னோட்டம் கொடுத்து, ஒத்ததிர்வைக் காட்டும் நாள்.

“வெளிய வெறும் பன்னெண்டு வோல்ட். ஆனா காயில் புருஷன், கண்டென்சர் பொண்டாட்டி. இவர் ஏறும்போது அவங்க இறங்குவாங்க. ஒருத்தரை ஒருத்தர் அடக்கிடறதால தெருவுக்குச் சத்தமே கேக்காது. உள்ள ஆளுக்கு நூத்தைம்பது வோல்ட் கத்தறாங்க. சமாதானம் பண்றேன்னு கை வெச்சீங்க, தீர்ந்தது!”

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் யாரும் கை வைத்ததில்லை.

அந்த நூற்றைம்பது பாடப்புத்தகத்தில் கிடையாது. ரெசிஸ்டர் இருந்தால் முப்பதுக்கு மேல் ஏறாது. அதிர்வெண்ணைக் கூட்டும்போது வோல்ட் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தில் உச்சி மொண்ணையாக இருக்கும். சித்தப்பாவுக்கு அது பிடிக்காது. ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு துண்டுக் கம்பியை மாட்டுவார். உச்சி ஊசி மாதிரி எழும்பும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் நான் அந்த வகுப்பில் இருந்தேன். பாடம் எடுத்தவர், சேர்ந்து இரண்டு மாதமே ஆன புது டீச்சர். சித்தப்பா எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, தன் வருஷப் பேச்சுக்குத் தொண்டையைச் செருமினார். அதற்குள் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வந்தது: ஃபியூஸ் போய்விட்டது, உடனே வா. “அஞ்சு நிமிஷம் டீச்சர்,” என்று ஓடினார்.

டீச்சர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து அதிர்வெண்ணை மெல்லக் கூட்டினார். கண்டென்சரிலிருந்து ஒரு கிளிப் நழுவப் பார்த்தது. “பன்னெண்டு வோல்ட்தானே, கடிச்சிடுமா என்ன?” என்று சிரித்துக்கொண்டே இரண்டு முனைகளையும் பிடித்தார். உடம்பு வெட்டியது. ஸ்டூல் சாய்ந்தது. பின்மண்டை கல்மேஜை விளிம்பில் அடித்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

மெயின்ஸ் கரண்டைத்தான் யாரோ கொடுத்திருக்க வேண்டும் என்று பள்ளியே பேசியது. ஒன்று மீட்டர், இல்லையென்றால் டீச்சரே. மறுவாரம் ஆய்வகத்திலேயே விசாரணை. தலைமையாசிரியரும் டீச்சரின் அப்பாவும் உள்ளே. சித்தியும் நானும் ஜன்னலுக்கு வெளியே.

சித்தப்பா அதே சோதனையை முதலில் ரெசிஸ்டரோடு இணைத்தார். வோல்ட்மீட்டர் முள் முப்பதில் நின்றது.

“இதுல யாரும் விழ மாட்டாங்களேய்யா,” என்றார் தலைமையாசிரியர்.

சித்தப்பா ரெசிஸ்டரைக் கழற்றிக் கம்பியை மாட்டினார். முள் நூற்றைம்பதைத் தொட்டது. மூலத்தில் அதே பன்னிரண்டு.

“அப்ப எம் பொண்ணு எதையும் தப்பா மாட்டலையா?” என்று கேட்டார் டீச்சரின் அப்பா.

“இல்லைங்க.”

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். “ரெசிஸ்டரை எடுக்கச் சொன்னது டீச்சர்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் வேலை விஷயம்.”

சித்தி ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். “ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்,” என்று முணுமுணுத்தாள்.

சித்தப்பா அந்த அப்பாவைப் பார்த்தார். “அவங்களுக்குத் தெரியவே தெரியாது சார். நான்தான் எடுத்தேன். கோடு அழகா வரணும்னு.”

“எந்தக் கோடு?” என்றார் அப்பா.

சித்தப்பா அலமாரியிலிருந்து பழைய வரைபடத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஊசி மாதிரி உச்சி. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கா?”

சித்தப்பாவின் வேலை அன்றே போனது. இப்போது வீட்டில் ஃபியூஸ் போனால் சித்திதான் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். அவர் வாசலுக்குப் போய், கரண்ட் வரும்வரை அங்கேயே நிற்கிறார்.