திராட்சைக்கு வந்த சட்டம்

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கன் நல்லவன்தான். நான் அதை மறுக்கவில்லை. காலையில் பேப்பரை உரக்கப் படிப்பான். எழுத்து தெரியாத எனக்கு உலக நடப்பெல்லாம் அவன் வாயால்தான். ஆனால் கொசுறு போடுவதில் ஓரவஞ்சனை. கோரமண்டல், மைசூர் மைன்ஸ் என்று சுரங்க லைன் வீடுகளில் இருக்கும் எங்களுக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் சரோஜம்மாவுக்கு மட்டும் கை நிறைய உலர்ந்த திராட்சை. காரணம் பஜாருக்கே தெரியும். சரோஜம்மா மகன் ரகுவுக்குத் தன் மகள் சுமாவைக் கொடுக்க அவனுக்கு ஆசை. வாய்விட்டுக் கேட்கத்தான் பயம். முடியாது என்றுவிட்டால்?

தொண்ணூற்றைந்தில், ஆனி மாதம். உலக வியாபார ஒப்பந்தம் பற்றிப் படித்தான். ஒரு நாட்டுச் சரக்குக்கு வரியைக் குறைத்தால், ஒப்பந்தத்தில் உள்ள எல்லா நாட்டுக்கும் அதே அளவு குறைக்க வேண்டுமாம்.

“அதான் நியாயம்!” என்று பேப்பரைத் தட்டிவிட்டு, சரோஜம்மா பையில் திராட்சையை அள்ளிப் போட்டான்.

நான் என் பையை நீட்டினேன்.

“இன்னா ஆயா?”

“அதே அளவு போடு.”

“அது நாட்டுங்களுக்கு ஆயா!”

“நான் கோரமண்டல் நாடு. இதோ நிக்கறாளே பாக்கியவதி, அவ மைசூர் மைன்ஸ் நாடு. அவளுக்கும் போடு.”

பாக்கியவதியும் பையை விரித்தாள். பாண்டுரங்கன் அவசரமாகப் பேப்பரைத் துழாவினான்.

“இங்க பாருங்க, விதிவிலக்கு இருக்குது! ரெண்டு நாடு வரியே வேணாம்னு ஒண்ணா சேர்ந்துக்கினா, அவங்களுக்குள்ள தனிச் சலுகை உண்டு.”

“சரி, நீயும் சரோஜம்மாவும் எதுல ஒண்ணா சேர்ந்தீங்க?”

சரோஜம்மா இடுப்பில் கை வைத்தாள். “சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கறேன்.”

“சேரலை... சேரலாம்னு... உங்க ரகுவுக்கு எங்க சுமாவை...” என்று இழுத்தான்.

“இதைக் கேக்கவா இத்தினி திராட்சை? எங்க வீட்ல உப்பு ஜாடி நிரம்பி வழியுது. ரகு இன்னாத்துக்கு தினம் இங்க வந்து உப்பு வாங்கறான்னு இப்பதான் புரியுது. தட்டு மாத்திக்கலாம்.”

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த சுமா தராசை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பாண்டுரங்கனுக்கு உயிர் வந்தது. கூடவே திமிரும் வந்தது.

“பாத்தீங்களா ஆயா? ஒண்ணா சேர்ந்தாச்சு. இனிமே உங்களுக்குக் கறிவேப்பிலைதான்.”

“தாலி ஏறட்டும், அப்புறம் பேசு. அதுவரைக்கும் எல்லாரும் சமம். போடு.”

போட்டான். எங்கள் லைன் முழுக்கப் பாயசம். திராட்சை மூட்டை கரைவதைப் பார்த்தவன் அடுத்த மாதமே முகூர்த்தம் வைக்கப் பார்த்தான். ஆடியில் கல்யாணமா என்று பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் மறுத்துவிட்டோம்.