மேஸ்திரியை மேலாளராக்கிய கடிதம்

நான் வேலை பார்க்கும் நூற்பாலைக்குச் சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு ஆசிரியர் வேலை கிடைக்காமல், தட்டச்சு தெரியும் என்பதற்காக அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டவள். கடிதம் அடிப்பதும் விடுப்புச் சீட்டுகளைப் பதிவதும்தான் என் வேலை.

நூல் நூற்கும் பகுதியில் மூன்று மேஸ்திரிகள் இருந்தார்கள். மூத்தவரை எல்லோரும் மேஸ்திரி அண்ணாச்சி என்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்று ஏவுகிற மேஸ்திரி இல்லை அவர். ஆள் வராத நாளில் அந்த மெஷினில் தானே நின்று, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டிருப்பார். சீட்டில் கையெழுத்து வாங்க நான் உள்ளே போகும்போதெல்லாம் அவர் தலையிலும் புருவத்திலும் பஞ்சு அப்பியிருக்கும். "நான் போடுதது சும்மா ஒரு கையெழுத்துதாம்மா. லீவு உண்டா இல்லியான்னு மேலதான சொல்லணும்" என்பார். அது உண்மை. லீவு கொடுப்பதும் மறுப்பதும் மாடியில் இருந்த மனிதவள அதிகாரிதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். என்னைக் கூப்பிட்டு, "மேஸ்திரின்னு இனிமே வேண்டாம்மா. கட்டட வேலை மாதிரி இருக்கு. மரியாதையா ஒரு தமிழ்ப் பேர் சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் படித்த படிப்பைப் பற்றி அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டது அதுவே முதல் தடவை. எங்கள் அப்பா வயலில் கூலிக்குப் போனவர். வேலை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கங்காணிதான். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, மேற்பார்வையாளர், கண்காணிப்பாளர், பகுதிப் பொறுப்பாளர் என்று மூன்றை எழுதிக்கொண்டு போனேன். அவர் மூன்றையும் பேனாவால் அடித்தார்.

"மேலாளர்னு வரணும். உதவி மேலாளர்னு போடுங்க."

ஏன் அதுதான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பணியாளர்களுக்கு விடுப்பு அளிக்கவும், அவர்கள் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கவும் உதவி மேலாளருக்கு அதிகாரம் உண்டு என்று அவர் சொல்லச் சொல்ல மூன்று மேஸ்திரிகளுக்கும் கடிதம் அடித்தேன். அண்ணாச்சி கடிதத்தை வாசித்தும் பார்க்கவில்லை. "நீ அடிச்சதுதான, சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு டீ நேரத்தில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். "ஏலே, மேனேஜர் வாராருலே, எந்திரிங்கலே!" என்று ஆட்கள் கூப்பாடு போட, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

ஏழு மாதம் கழித்து மூன்று பேரையும் நிறுத்தினார்கள். நிர்வாகக் காரணங்களால் தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை என்ற கடிதத்தையும் நான்தான் அடித்தேன். மற்ற இருவரும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணாச்சி வழக்குப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வக்கீலைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

வக்கீல்தான் எனக்கு விளக்கினார். "மேஸ்திரின்னா இவரு தொழிலாளி. காரணமில்லாம நிறுத்தினா கேக்கலாம். மேலாளர்னா தொழிலாளர் சட்டம் இவருக்குக் கிடையாது. அதுக்காகத்தான் அந்தப் பேரையே போட்டிருக்காங்க."

அண்ணாச்சி என்னைக் குறை சொல்லவில்லை. "பேருதான் மாறுச்சு, வேல மாறல. நீ உள்ள வந்து பாத்தவல்லா. பாத்ததச் சொன்னாப் போதும்மா" என்றார்.

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சாட்சி சொல்ல எனக்கு வந்த உத்தரவு மில்லுக்கும் தெரிந்துவிட்டது. மனிதவள அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். அதுவரை அவர் எனக்கு நாற்காலி காட்டியதில்லை. "உங்க வேலை ஆபீஸ்ல. உள்ளே நடக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னு சொல்றதுல என்ன தப்பு?" என்றார். பிறகு, "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார். என் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதிகாரிக்கு அது தெரியும்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் அண்ணாச்சி தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மெஷினில் நின்று வேலை செய்து நான் பார்த்திருக்கிறேனா என்று அவருடைய வக்கீல் கேட்டார்.

"நான் ஆபீஸ்ல இருக்கறவ. உள்ள என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது."

வக்கீல் கையிலிருந்த தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, யாருக்காவது அவரால் லீவு மறுக்க முடிந்ததா என்று கேட்டார். அதற்கும் தெரியாது என்றேன். அடுத்து மில்லின் வக்கீல் எழுந்து, அந்தக் கடிதத்தைக் காட்டி, இது நீங்கள் அடித்ததா, இது அவர் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மட்டும் என் குரல் தெளிவாக வந்தது.

வெளியே வராந்தாவில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டமாட்டாரா என்று இருந்தது. "பன்னண்டரைக்கு சேரமாதேவி பஸ்சு இருக்கு. பைய போ" என்றார்.

மனுதாரர் மேலாளர் நிலையில் இருந்தவர், தொழிலாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது. மேலே மதுரை ஹைகோர்ட்டுக்குப் போய் வழக்கு நடத்த அவரிடம் தெம்பில்லை. என் வேலை போகவில்லை. அடுத்த ஐப்பசியில் என் கணவர் இறந்துபோனார். யாருக்காக அந்த வேலையைக் காப்பாற்றினேனோ, அவர் இல்லாத வீட்டிலிருந்துதான் இப்போதும் அதே வேலைக்குப் போகிறேன்.

போன மாதம் பஸ்ஸில் அண்ணாச்சியின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரிந்துதான் உட்கார்ந்தார். ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் அண்ணாச்சி காண்ட்ராக்டில் இருக்கிறார், கழிவுப் பஞ்சு அள்ளுகிறார், மாதம் ஒரு தடவை ஊருக்கு வருகிறார் என்றார்.

"போன்ல பேசலாமா?" என்றேன்.

"காது ரெண்டும் போச்சு. போன்ல பேசினா அவருக்குக் கேக்காது."

"அப்போ, வரும்போது நேர்ல வந்து பாக்கட்டுமா?"

"என்னத்துக்கு?" என்று கேட்டார். அதில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. அதற்குள் அவர் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.