பொட்டி கரையக் கூடாது

அமாவாசைக் காலை. திருவள்ளூர் கோயில் குளத்தில், நோய் கரையட்டும் என்று எல்லோரும் வெல்லம் கரைக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவர் இடுப்பளவு நீரில் நிற்கிறார். அவர் நெஞ்சின் மேல்பக்கம் தோல், சோப்பு டப்பா அளவுக்குப் புடைத்திருக்கிறது.

“பேஸ்மேக்கர். மெட்ராஸ்ல வெச்சாங்க,” என்கிறார் அவர் மனைவி. “கெணத்துல வுழுந்த கொடத்தை முழுவி எடுக்கிறதுதான் இவரு வேலையே.”

யாரோ ஒருத்தியின் சொம்பு நழுவி நீருக்குள் போகிறது. அவர் சட்டென்று மூச்சை இழுத்துக்கொண்டு குனிகிறார். மனைவி அவருடைய அரைஞாண் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறார்.

“தண்ணீர் பட்டால் ஆபத்தா?” என்று கேட்கிறேன்.

“குளிக்கலாமாம். ஆழத்துக்குப் போனா தண்ணி பொட்டிய அமுக்கிடும்னு டாக்டரு சொல்லிகிறாரு. தெனம் சொல்லிக்கினுதான் கீறேன்.”

ஒரு கையில் கயிறு; மறு கையால் வெல்லத்தை நீரில் விடுகிறார்.

“பெருமாளே, நோவு கரையட்டும். பொட்டி மட்டும் கரைய வாணாம்.”