பண்ணையார் பொறுக்கிய பருக்கை

வைரக்கண்ணுவைப் பகலில் பார்த்தால் பண்ணையார் என்று எவனும் சொல்ல மாட்டான். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே வரப்பு வெட்டி, நாற்றுக்கட்டு சுமந்து, கதிர் அறுத்துப் பிழைத்த ஆள். ஆனால் பட்டுவேட்டியைக் கட்டி, மீசையை ஒட்டி மேடையில் ஏற்றிவிட்டால், ஐயையோ! அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டு வருஷம். ஊருக்கு ஊர் கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, வயலில் கொடி நடுவது என்று தஞ்சாவூர் ஜில்லாவே கொதித்துக் கிடந்தது. பண்ணையாராக அவர் வந்து நின்றாலே சனம் மண்ணை வாரித் தூற்றும்.

அவர் நடித்த நாடக மன்றத்தை நடத்தியவர் தையல்காரர் செல்லதுரை. அவர் நாடகத்தின் உயிரே ஓர் உதையில்தான் இருந்தது. குத்தகைக்காரன் குடிசைக்குள் பண்ணையார் நுழைந்து சோற்றுப் பானையை எட்டி உதைப்பார். நிஜச் சோறு, அந்தந்த ஊரில் ஒரு வீட்டில் வாங்கியது. சவுக்கடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் சனம், சோறு சிதறினால் பொறுக்காது.

அந்த உதைதான் வைரக்கண்ணுவின் கல்யாணத்துக்கு எமனாக வந்தது. களத்துமேட்டில் அம்சவல்லியைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்கு வேறு நினைப்பில்லை. அத்தை நீலாம்பாள் போய்ப் பெண் கேட்டாள். பெண்ணின் தாய் காளியம்மாள் நடவு ஆட்களுக்குத் தலைவி, நாடகமும் பார்த்திருந்தாள்.

“சோத்த எட்டி ஒதைச்சவனுக்கா எம்பொண்ணு?”

“அது நாடகம் தாயி!”

“நாடகமோ என்னமோ, காலு அவன் காலுதானே?”

அத்தை கொண்டுபோன வெற்றிலை பாக்கோடு திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த நாடகம் காளியம்மாளின் ஊரிலேயே வாய்த்தது. வைரக்கண்ணு செல்லதுரையிடம் போய்க் கெஞ்சினார்.

“அண்ணே, இந்த ஒரு ஊர்ல ஒதை வேணாம்ணே. வாயால திட்டிக்கிறேன், எவ்வளவு வேணும்னாலும் திட்டுறேன்.”

“ஒதைய எடுத்துட்டா நாடகத்துல என்னய்யா இருக்கு?”

“அப்ப சோத்துக்குப் பதிலா உமியப் போடுங்க.”

“உமிய ஒதைச்சா எவன்யா அழுவான்?”

பேரம் ஒரு வழியாகப் படிந்தது. உதை உண்டு, ஆனால் மெதுவாக. அதற்குப் பதிலாக, அறுப்புக் காலத்திலும் வைரக்கண்ணு லீவு கேட்கக் கூடாது. யார் ஏமாந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

நாடகத்தன்று சோறு வந்ததோ காளியம்மாள் வீட்டிலிருந்து! அவளும் மகளோடு முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

வைரக்கண்ணு மெதுவாகத்தான் உதைத்தார். பாழாய்ப்போன பானை உருண்டோடி மேடை முழுக்கக் கொட்டிவிட்டுத்தான் நின்றது. கதைப்படி பண்ணையார் சிரிக்க வேண்டும். இவரோ பட்டுவேட்டியைச் சுருட்டிக்கொண்டு குந்தி, பருக்கை பருக்கையாகப் பொறுக்கி மடியில் போட்டார். களத்தில் ஒரு நெல்லைக்கூட விட்டுப் பழகாத கை, அது பாட்டுக்குப் போய்விட்டது.

குத்தகைக்காரனாக நடித்த கண்ணுசாமி விடுவானா? “ஏ, ஆணவம் பிடித்த பண்ணையாரே! நிமிர்ந்து என்னைப் பார்!” என்று வசனத்தை எடுத்தான்.

“இருப்பா, ஒங்காலடியில நாலு பருக்கை கெடக்கு. காலைத் தூக்கு.”

கண்ணுசாமி தூக்கினான். மீதி வசனம் முழுவதையும் ஒற்றைக்காலில் நின்றே முழங்கினான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

படுதா விழுந்ததும் செல்லதுரை பாய்ந்து வந்தார். “எந்தப் பண்ணையாருய்யா சோறு பொறுக்குனான்? எம் மானமே போச்சு! நாளையிலேருந்து நீ...” என்றபோது வெளியே “ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!” என்று சத்தம். காதைக் கொடுத்துக் கேட்டார். “நாளைக்கும் பொறுக்கித் தொலை” என்று முடித்தார்.

வைரக்கண்ணுவுக்கு அது காதிலேயே விழவில்லை. காளியம்மாள் காலிப் பானையோடு வந்துகொண்டிருந்தாள். அவள் சோற்றையே உதைத்தாகிவிட்டது, இனி அம்சவல்லியை மறந்துவிட வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் அவர் மடியைப் பார்த்தாள். சோறு அப்பிய விரல்களைப் பார்த்தாள்.

“காலு ஒங்க கம்பெனிக் காலு போலருக்கு” என்றாள் செல்லதுரையிடம். “கையி அவரோடதுதான்.”

பிறகு பானையை வைரக்கண்ணுவிடம் நீட்டினாள்.

“மடியில உள்ளத இதுல போடுங்க மாப்ள. கோழிக்கு ஆவும்.”